மட்டமாகப் போட்ட தளம்

சென்ற ஆண்டு நாட்குறிப்பில், ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்றில், "நான்கு மூலையும் மட்டம். பிழை இல்லை" என்று எழுதி, அதன் கீழ் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கல் தளம் போட்டு முடித்த நாள் அது. இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அடிக்கோடு போட்ட இடங்கள் மிகக் குறைவு. மகள் பிறந்த நாளுக்கு ஒரு கோடு. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளுக்கு ஒரு கோடு. தளத்துக்கு மட்டும் இரண்டு.

அந்த வரியைப் பற்றி எழுதுவதற்கு முன் எங்கள் வீட்டு மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓசூரில் ஓர் ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது நாங்கள் ஒன்றை வாங்கினோம். நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அங்கிருந்து சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம். பார்க்கப் போனது சித்திரை மாதம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காலால் தட்டிப் பார்த்தேன், பாறை மாதிரி இருந்தது. நல்ல இறுகிய நிலம் என்று நினைத்தேன். என் மனைவி காவேரிப்பட்டினத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் ஒரு கட்டியை எடுத்து உடைத்து, எச்சில் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது களிங்க. நெல்லுக்கு நல்லாருக்கும். நமக்கு?" என்று கேட்டாள். மண் அடித்து உயர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று மனை விற்றவர் சொன்னார். நான் அவரை நம்பினேன். வீடு நிற்கும் இடத்தில் செம்மண் அடித்து உயர்த்தினோம். பின்புறம் இருபது அடிக்குப் பன்னிரண்டு அடி இடம் அப்படியே பள்ளமாக நின்றுவிட்டது.

முதல் மழைக்கு அங்கே தேங்கிய தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் வற்றியதும் சேறு. சேற்றின் மேல் நடந்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும். துணிக்கொடியும் கறிவேப்பிலைச் செடியும் அந்த இடத்தின் கோடியில் இருந்தன. அதனால் பின்வாசல் படியிலிருந்து துணிக்கொடி வரைக்கும் செங்கல் போட்டேன். பதினோரு செங்கல். மனைவியை ஒரு நாள் காய்ந்த தரையில் நடக்கச் சொல்லி, அவள் எட்டு வைத்த இடங்களில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு, அந்த அளவுக்கு வைத்த செங்கல்கள் அவை. எட்டின் அளவு நாட்குறிப்பில் இருக்கிறது, அதை இங்கே எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள்.

களிமண் செங்கலைத் தின்னும். ஒரு மழைக்காலத்தில் பாதி இறங்கும், அடுத்ததில் மேல்முகம் மட்டும் தெரியும். அதன் தலைமேலேயே இன்னொன்றை வைப்பேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புரட்டாசிக்கு முன்னால் இதைச் செய்வது வழக்கமாகிவிட்டது. மற்ற வீடுகளில் மழைக்கு முன் ஓடு மாற்றுவார்கள், ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பார்கள். நாங்கள் செங்கல் மாற்றினோம்.

ஆனாலும் அந்த இடம் எங்களுக்குப் பிடித்திருந்தது. முதல் ஷிப்ட் முடிந்து நான் மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வருவேன். வெயில் அப்போது வீட்டின் முன்பக்கம் போயிருக்கும், பின்னால் நிழல் இறங்கியிருக்கும். மனைவி இரண்டு முக்காலிகளை எடுத்துவந்து படிக்குக் கீழே போடுவாள். அவற்றின் கால்கள் மண்ணில் இறங்காமல் இருக்க அடியில் பழைய டப்பா மூடிகளை வைப்போம். டம்ளரில் தேநீர். கொறிக்க வறுத்த கடலை. அன்று என்ன ரிஜெக்ட் ஆனது என்று நான் சொல்வேன், எந்தக் காய் முற்றலாக வந்தது என்று அவள் சொல்வாள். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று ஒருமுறை அவள் சொன்னது நினைவிருக்கிறது. அத்திப்பள்ளிப் பக்கம் வானம் கறுத்தால் இன்னும் இருபது நிமிடத்தில் மழை என்று கணக்கு. துணியை எடுக்க அவள் செங்கல் மேல் போவாள், மகள் பின்னால் தாவுவாள். மகள் சிறியவளாக இருந்தபோது தண்ணீர் தேங்கிய நாட்களில் மாவு பிசையும் தட்டை அதில் மிதக்கவிட்டு, அதற்குள் ஒரு தக்காளியை உட்காரவைத்து, பெங்களூருக்கு பஸ் போகிறது என்பாள். இப்போது அவளே பெங்களூரில் வேலை செய்கிறாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் ஒரு நாள் எனக்கு இரண்டாம் ஷிப்ட். அந்தச் சமயத்தில் இங்கே மழை. துணி எடுக்கப் போன மனைவி ஆறாவது செங்கலில் கால் வைத்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. சேற்றிலிருந்து தானே எழுந்து, உள்ளே வந்து, இடது கையால் எனக்கு போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் என்னிடம் கேட்டது, கொடியில் மீதித் துணி நனைகிறதா என்பதுதான். மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். கை நன்றாகவே கூடிவிட்டது. டாக்டருக்குத் திருப்தி, எனக்கும் திருப்தி.

ஆனால் அவள் பின்வாசலைத் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

பயம் என்று அவள் சொல்லவே இல்லை. கொசு வருகிறது என்றாள். பிறகு, பின்வீட்டுக்காரர்கள் புதிதாகக் கட்டிய மாடியிலிருந்து பார்க்கிறார்கள் என்றாள். துணி காயவைக்க மடக்கும் ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக் கூடத்தில் வைத்தாள். வீடு முழுக்க எப்போதும் ஈரத்துணி வாசம். கறிவேப்பிலைக்கு மளிகைக்கடை. தேநீர் டிவிக்கு முன்னால். ஒரு நாள் நான் மட்டும் டம்ளரோடு பின்னால் போய் நின்று பார்த்தேன். தேநீர் ஆறுவதற்குள் திரும்பிவந்துவிட்டேன். அவள் முகத்தில் ஒரு வாட்டம் இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீர் ஊற்றாத செடி மாதிரி லேசாக. நாள்தோறும் பார்ப்பவனுக்குத்தான் தெரியும்.

அவள் மறுபடி அந்தப் படியிறங்கி வரவேண்டும், மாலையில் முக்காலி போட்டு உட்காரவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அதற்காகத்தான் தளம்.

போனில் மகளிடம் சொன்னபோது, "சூப்பர்ப்பா, பேட்டியோ போடறீங்களா?" என்றாள். வீட்டை ஒட்டிப் போடும் தளத்துக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயராம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா, "பேட்டியா? யாரு வந்து எடுக்கறாங்க?" என்றாள். அதன்பின் எங்கள் வீட்டில் அந்தத் தளத்துக்குப் பேட்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. தளம் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். "போடுங்க. நீங்க ஒக்காந்துக்கங்க" என்றாள். நீங்க என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னாள்.

முதலில் மண்ணைச் சோதித்தேன். ஓர் அடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, காலை ஆறு மணிக்கு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டுவைத்தேன். மாலை ஆறு மணிக்கு ஒன்றரை அங்குலம்தான் இறங்கியிருந்தது. அதிலும் பாதி வெயில் குடித்ததாக இருக்கும். இந்த மண்மேல் நேராகக் கல் போட்டால் அது செங்கல் போன வழியில்தான் போகும். ஒன்றரை அடி களியை வெட்டி எடுத்துவிட்டு, ஜல்லி நிரப்பி, நடுவில் ஓட்டை போட்ட பைப் பதித்து, பக்கச் சந்து வழியாகத் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று படம் வரைந்தேன்.

மேஸ்திரி படத்தை வாங்கி நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், "நல்லாருக்குது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். பாகலூர்ப் பக்கத்துக்காரர். என்னோடு தமிழ், சித்தாள் வேலைக்கு வரும் தன் மனைவியோடு கன்னடம், ஜல்லி லாரிக்காரரோடு தெலுங்கு. எந்த மொழியில் பேசினாலும் குரல் உயராது. அவர் மனைவி அதற்கு நேர் எதிர். அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

களியை வெட்ட ஆரம்பித்த முதல் நாளே செங்கற்கள் வர ஆரம்பித்தன. மேலே இருந்த வரிசையை எடுத்தால் அதற்குக் கீழே ஒன்று. அதையும் எடுத்தால் இன்னொன்று. ஐந்து அடுக்கு வந்தது. ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக அடுக்கிவைக்கச் சொன்னேன். நாட்குறிப்புகளை வைத்து எந்த அடுக்கு எந்த ஆண்டு என்று கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு ஆசை. "ஊட்டுப் பின்னாடி சூளையே வெச்சிருக்கறாரு சாரு" என்று மேஸ்திரியின் மனைவி சமையலறை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு கணம் நின்றது. செங்கற்களோடு ஒரு ஸ்பூன், துணிக்கு மாட்டும் கிளிப்புகள், ரோஜா நிறத்தில் ஒரு குழந்தைச் செருப்பு எல்லாம் வந்தன. அந்தச் செருப்பைத் தேடி நாங்கள் வீட்டையே கவிழ்த்துப் போட்ட நாள் நாட்குறிப்பில் இருக்கிறது.

கடைசி அடுக்கு வந்தபோது மேஸ்திரி மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது என்னா சார், மேல எல்லாம் தள்ளித் தள்ளி போட்டிருக்கீங்க, கீழ மட்டும் ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கினு நெருக்கமா இருக்குது?"

நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மேல் அடுக்குகளில் பதினொன்று. அடியில் இருபதுக்கு மேல். எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. இத்தனை எழுதிவைப்பவனுக்கு அது நினைவில் இல்லை.

பதில் ஜன்னலிலிருந்து வந்தது. "அப்ப பாப்பாவுக்குக் கால் குட்டி" என்றாள் என் மனைவி. "அவ எட்டுக்கு எட்டலன்னு ஊடால ஊடால ஒண்ணு வெச்சோம். அஞ்சு வயசுக்கு அப்பறம் வேணாம்னுட்டா. தாண்டிக்கறேன்னுட்டா."

மேஸ்திரியின் மனைவி, பெண்பிள்ளைகள் வளர்வதைச் செங்கல் வைத்து அளந்த வீட்டை இப்போதுதான் பார்ப்பதாகக் கன்னடத்தில் தன் கணவரிடம் சொன்னார். என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் பின்பக்கம் பார்க்காதவள், அன்று பத்து நிமிடம் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தது உண்மை.

ஜல்லி வந்தது, பைப் வந்தது. பைப்புக்குச் சந்து முழுக்கச் சரிவு கொடுத்தார் மேஸ்திரி. அது மண்ணுக்கு அடியில் போவது. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு பாய் கடையில் பலகைக்கல் எடுத்தோம். பளபளப்பாக இழைத்த கல்லை அவர் காட்டினார். மழையில் யாராவது நடப்பார்களா என்று கேட்டார். என் மனைவி என்றேன். உடனே அதை ஒதுக்கிவிட்டு, மேல்முகம் கொத்தி சொரசொரப்பாக்கிய கல்லைக் காட்டி இதை எடுங்கள் என்றார்.

கல் பதிக்கிற நாளில்தான் தகராறு. மேஸ்திரி நூல் கட்டிவிட்டு, "கறிவேப்பிலைப் பக்கம் ரெண்டு இஞ்ச் வாட்டம் குடுத்துடறேன் சார்" என்றார். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் விடும் சரிவுக்குத்தான் வாட்டம் என்று பெயர். கன்னடத்திலும் தெலுங்கிலும்கூட ஏறக்குறைய அதே சொல்தான் என்றார். அது எனக்கும் தெரியும். குளியலறைக்கு வாட்டம் வேண்டும், மொட்டைமாடிக்கு வேண்டும். ஆனால் என் மனைவி விழுந்தது ஒரு பக்கம் சாய்ந்த செங்கல்லால். அவள் கால் வைக்கும் இடத்தில் இனி எந்தச் சாய்வும் இருக்கக்கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். இன்னொன்றும் இருந்தது. தொழிற்சாலையில் நான் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் அறையில் கருங்கல்லில் ஒரு மேசை இருக்கிறது. அதன் மேல்முகம் மயிரிழை பிசகாத சமதளம். அதன்மேல் வைத்துத்தான் எல்லாவற்றையும் அளக்கிறோம். ஆயுளில் பாதியை அந்தக் கல்லுக்கு முன்னால் கழித்தவனுக்குச் சரிவு என்றாலே ரிஜெக்ட் என்றுதான் தோன்றும்.

"வேண்டாம். மட்டமா இருக்கட்டும்" என்றேன். தண்ணீர் போக ஒரு மூலையில் ஓட்டை வைக்கலாம், சேறு உள்ளே வராமல் இருக்கச் சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு வரப்பு கட்டலாம் என்றும் சொன்னேன்.

மேஸ்திரி கலவை தேய்க்கும் மணியாசக் கட்டையைக் கீழே வைத்தார். "மட்டமா போட்டா தண்ணி எந்தப் பக்கம் போறதுன்னு யாரைப் போயி கேக்கும் சார்?"

ஓட்டை இருக்கிறதே என்றேன்.

"ஓட்டை இருக்குது சார். வழி தெரியணுமில்ல?"

நான் விடவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க சாட்சி. நான் வாட்டம் குடுக்கறேன்னு சொன்னேன். சாரு மட்டமா போடு, மட்டமா போடுன்றாரு" என்றார். அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் அவருக்குத் தெரியாமல் இல்லை. உள்ளேயிருந்து, "அவரு அப்பிடித்தான் மேஸ்திரி. நீங்க போடுங்க" என்ற பதில் வந்தது.

மூன்று நாள் கல் பதித்தார்கள். ஒவ்வொரு கல்லின் மேலும் ரசமட்டத்தை நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுக்கோட்டை விட்டு அசைந்தால் எடுத்துத் திரும்பப் பதிக்கச் சொன்னேன். ஏழு கற்களைத் திரும்பப் பதித்தார்கள். மேஸ்திரியின் மனைவி கலவைச் சட்டியோடு நின்றுகொண்டு, சார் தன் கல்யாணத்தில் தாலியையும் இப்படித்தான் குமிழி பார்த்துக் கட்டினாரா என்று ஜன்னலிடம் விசாரித்தார். ஜன்னல் ஏதோ தணிந்த குரலில் பதில் சொன்னது. இரண்டு பெண்களும் சிரித்தார்கள். என்ன பதில் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

முடிந்த அன்று நான்கு மூலையிலும் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்துப் பார்த்தேன். நான்கும் ஒன்று. அதைத்தான் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பின்வாசல் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்து நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள். சாம்பல் நிறக் கல், நேர்க்கோட்டில் இணைப்புகள், ஓரத்தில் கறிவேப்பிலை. கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள். இறங்கி வா என்றேன். "மழை வரட்டும். பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

அதனால் நான் மழைக்குக் காத்திருந்தேன். ஓசூரில் யாரும் அப்படி மழைக்குக் காத்திருந்திருக்க மாட்டார்கள். விவசாயத்துக்கு இல்லை, குடிதண்ணீருக்கும் இல்லை. ஒரு சோதனைக்கு. ஜல்லி குடிக்கும், பைப் இழுக்கும், தளம் காய்ந்துவிடும், அவள் அதைப் பார்ப்பாள், பிறகு வருவாள். எனக்குள் வரிசை தயாராக இருந்தது.

புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மழை வந்தது. மதியம் மூன்று மணிக்கு அத்திப்பள்ளிப் பக்கம் கறுத்தது. நாற்பது நிமிடம் கொட்டியது. நான் முதலில் முன்பக்கம் ஓடிப் பார்த்தேன். சந்தின் கடைசியில் பைப் வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சந்திலிருந்து எட்டிப் பார்த்தபோது வரப்புக்கு வெளியே இருந்த களிமண்ணில் ஒரு சொட்டு தேங்கவில்லை. பதினாறு வருடத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. மனசு நிறைந்துபோய்ப் பின்வாசலுக்கு வந்தேன்.

தளத்தின் மேல் தண்ணீர் நின்றது.

வரப்புக்குள் முழுக்க, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, கண்ணாடி விரித்தது மாதிரி. பக்கத்து வீட்டுத் தென்னை அதில் தலைகீழாகத் தெரிந்தது. ஓட்டை இருந்த மூலையில் மட்டும் சின்னதாக ஒரு சுழி. அதற்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் போனது. மற்றதெல்லாம் போகவேண்டிய காரணம் தெரியாமல் நின்றது. மழை தூறலாகக் குறைந்தது, நின்ற தண்ணீர் குறையவில்லை. பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு உள்ளே போய், ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு, குடையோடு இறங்கினேன்.

ஏன் அளந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த வேலை அதுதான். ஒரு மூலையில் குந்தி ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர். அடுத்த மூலை, ஆறு. நடுவில், ஆறு. வேட்டி நுனி நனைந்தது. நான்காவது இடத்தில் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"எவ்வளவு இருக்குதுங்க?"

மனைவி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆறு" என்றேன்.

"எல்லாப் பக்கமுமா?"

"எல்லாப் பக்கமும்."

"அப்ப பாஸா?"

கொடுத்த அளவுக்கு வேலை சரியாக இருந்தது. "பாஸுதான்" என்றேன்.

"பாஸுன்னா அப்பறம் எதுக்கு நனைஞ்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி வாய்விட்ட சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் ஆறு மில்லிமீட்டர் தண்ணீரில் குந்திக்கொண்டு அதைக் கேட்டேன்.

பிறகு அவள் உள்ளே போனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஈரம் நின்ற தரை, விழுந்த நினைவு, இனி இந்தக் கதவு எப்போதும் சாத்தியே கிடக்கும். எழுந்து நின்றேன்.

அவள் தென்னந்துடைப்பத்தோடு திரும்பிவந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். முதல் படி, இரண்டாவது படி. வலது காலைத் தண்ணீருக்குள் வைத்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். கல் பிடித்துக்கொண்டது. இடது காலையும் வைத்தாள். நான் கையை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாள் என்று இப்போதும் நம்புகிறேன்.

"சொரசொரன்னு இருக்குது. வழுக்கல" என்றாள், எனக்கா தனக்கா என்று தெரியாதபடி. பிறகு, "தள்ளி நில்லுங்க" என்றாள். அது எனக்குத்தான்.

இடது கையால் துடைப்பத்தை அழுத்திப் பிடித்து, தகடு வைத்த கையை மேலே துணையாக வைத்துக்கொண்டு, ஓட்டை இருந்த மூலைக்குத் தண்ணீரை ஒதுக்கினாள். தள்ளத் தள்ள அது சுற்றிக்கொண்டு பின்னால் வந்தது. மேஸ்திரி சொன்னது சரிதான், அதற்கு வழி தெரியவில்லை. நானும் முறத்தை எடுத்துவந்து சேர்ந்துகொண்டேன். இருட்டுவதற்குள் முடிந்தது. அன்று நாட்குறிப்பில் எழுதியது: "மழை 40 நிமிடம். தேங்கியது 6 மி.மீ., சீராக. மட்டம் தவறு. அவள் இறங்கினாள்." எதற்கும் கோடு போடவில்லை.

மறுநாள் மேஸ்திரிக்கு போன் செய்தேன். எதிர்முனையில் அவர் எதுவும் குத்திக்காட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவர் மனைவி இருந்தார். வந்ததும் வராததுமாக, "நீரு நிந்திதா சாரு?" என்று கன்னடத்தில் கேட்டார். தண்ணீர் நின்றதா என்று அர்த்தம். நின்றது என்றேன். அசையாமல் நின்றதா என்று கேட்டார். அசையாமல் நின்றது என்றேன். "அப்ப மட்டமாத்தான் போட்டிருக்கறாரு எங்க ஊட்டுக்காரரு" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

கற்களைப் பெயர்த்து, அடியில் கலவை இழுத்து, மறுபடி பதிக்க ஐந்து நாள் ஆனது. இந்த முறை நான் ரசமட்டத்தை வெளியே எடுக்கவில்லை. எந்தப் பக்கம் சரிவு என்று மேஸ்திரி கேட்டபோது என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் யாரும் இல்லை. என் மனைவி படியில் உட்கார்ந்து மேஸ்திரியின் மனைவியோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கையைக் காட்டினாள். கறிவேப்பிலைப் பக்கம், பன்னிரண்டு அடிக்கு இரண்டு அங்குலம். முதல் நாள் மேஸ்திரி சொன்ன அதே அளவு. அந்தப் பக்கத்து வரப்பையும் உடைத்து எடுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. சரிந்த தரையில் ஈரத்துணி வாளியோடு அவள் நடப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளிடம் சொன்னேன். அவள் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு மேலிருந்து கீழே நடந்து, கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு திரும்பி வந்தாள். நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அளந்துட்டீங்களா?" என்றாள்.

ஐப்பசியில் பெய்த மழையில் தளம் நனைந்தது, தண்ணீர் ஓடியது, அரை மணியில் தரை காய்ந்தது. கூடத்திலிருந்த துணி ஸ்டாண்டை மடக்கிப் பரணில் வைத்தேன். குழியிலிருந்து எடுத்த செங்கற்களில் உடையாதவற்றை மேஸ்திரி கறிவேப்பிலையைச் சுற்றிப் பாத்தியாகக் கட்டிக்கொடுத்தார். ரோஜாநிறச் செருப்பை மனைவி கழுவி அலமாரியில் வைத்திருக்கிறாள். மகள் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதாகவா இருந்தேன் என்றாள். பேட்டி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

முதல் நாள் முக்காலிகளைப் போட்டபோது நான் வீட்டை ஒட்டிய மேட்டுப் பக்கத்தில் ஒன்றை வைத்து அவளை உட்காரச் சொன்னேன். அங்கே சரிவு குறைவாகத் தோன்றும். அவள் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள். முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் கறிவேப்பிலை ஓரமாகப் போய், பாத்தி விளிம்பில் பாதத்தை ஊன்றி, காம்பவுண்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"இங்கதான் எனக்கு வாட்டமா இருக்குது" என்றாள். "டம்ளரைக் குடுங்க."

எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முக்காலியையும் அந்தப் பக்கமே போட்டுக்கொண்டேன். ஒரு கால் லேசாக ஆடியது. அடியில் வைக்க டப்பா மூடி தேடி எழுந்தேன். "ஆடட்டும், ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அன்று என்ன ரிஜெக்ட் ஆனது என்று கேட்டாள்.